கோணல் சப்பாத்தி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி. வெயில் இன்னும் இறங்கவில்லை. பேப்பரை விளம்பரம் வரை படித்தாகிவிட்டது. டி.வி-யில் ஏற்கெனவே ஏழு தடவை பார்த்த படம். அப்போதுதான் அந்தக் குரல் வரும்.

''அப்பா... போரடிக்குதுப்பா!''

சின்னக் குழந்தை இருக்கிற வீடுகளில் இந்தக் குரலுக்கு வழக்கமாக இரண்டே பதில்கள்தான். ஒன்று, செல்போனைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுவது. இன்னொன்று, மாலுக்குக் கிளம்புவது. முதலாவது இலவசம் மாதிரி தெரியும். பில் பின்னால் வரும். இரண்டாவதில் பில் உடனே வந்துவிடும். பாப்கார்ன், ஐஸ்க்ரீம், பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டி வைத்த தொட்டியில் அரை மணி நேரம் குதிக்க ஒரு டிக்கெட்... வீடு திரும்பும்போது மூன்று 500 ரூபாய் நோட்டுகள் காணாமல் போயிருக்கும். குழந்தை ஆட்டோவிலேயே தூங்கியிருக்கும்.

போன கோடையில் அப்படி ஒரு ஞாயிறு. மாதக் கடைசி வேறு. மனைவி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அந்தத் தைரியத்தில், ''வாடா செல்லம், நாம ரெண்டு பேரும் சப்பாத்தி போடலாம்'' என்று சொல்லிவிட்டேன்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தால் ஏதோ சிங்கப்பூர் கூட்டிப்போகிறேன் என்று சொன்ன மாதிரி இருந்தது.

சமையல்கட்டுத் தரையில் பேப்பரை விரித்தேன். தாம்பாளத்தில் மாவைக் கொட்டினோம். 'தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும்' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் முழு டம்ளரும் கவிழ்ந்தது. மாவு கூழாகிவிட்டது. கூழைச் சரி செய்ய இன்னும் கொஞ்சம் மாவு. அது கல்லாகிவிட்டது, மறுபடி தண்ணீர். தவறான வழியில் போய்த் தவறான வழியில் திருத்திக்கொண்டு வருவதில் நாங்கள் இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள். கடைசியில் இரண்டு பேருக்கான மாவு ஆறு பேருக்கானதாக வளர்ந்திருந்தது. அவள் முழங்கை வரை மாவு, என் கண்ணாடியில் மாவு, ஃபிரிட்ஜ் கைப்பிடியில் மாவு.

நடுவில் கேள்விகள் வேறு. ''இந்த மாவு ஏம்ப்பா இழுத்தா நீளுது? கொழுக்கட்டை மாவு ஏன் நீள மாட்டேங்குது?'' நான் படித்தது காமர்ஸ். டெபிட், கிரெடிட் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மறுநாள் ஆபீசில் சயின்ஸ் படித்த நண்பரைக் கேட்டு, கோதுமையில் இருக்கிற புரதங்கள் தண்ணீரோடு சேர்ந்து பிசையப் பிசைய 'குளூட்டன்' என்று ரப்பர் மாதிரி ஒரு வலையாக மாறுகின்றன, அரிசியில் அந்தச் சமாச்சாரம் கிடையாது, அதனால்தான் அரிசி மாவுக்குக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றி வேறு விதமாக வசப்படுத்த வேண்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். மஞ்சள் பட்ட கையில் சோப்பைப் போட்டால் ஏன் சிவப்பாகிறது என்பது அடுத்த வாரக் கேள்வி. சோப்பில் இருக்கும் காரத்தன்மைதான் காரணமாம். 45 வயதில் தெரிந்துகொள்கிறேன், சார்!

ராத்திரி சாப்பிட்டு முடித்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். காஸ்ட் அக்கவுன்டிங் படித்த புத்தி போகாது. மாவு, எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்து 50 ரூபாய் தாண்டாது. கிடைத்த பொழுதுபோக்கு இரண்டரை மணி நேரம். மணிக்கு 20 ரூபாய். கூடவே ராத்திரிச் சாப்பாடு இலவசம். மாலுக்குப் போகிற நண்பர்கள் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் கணக்கு தப்பு. அது எனக்குப் புரியச் சில வாரங்கள் ஆயின.

முதல் தப்பு சின்னது. அதைக் கண்டுபிடித்தவள் என் மகளேதான்.

இரண்டாவது ஞாயிறு. அவள் தேய்த்த சப்பாத்தி ஒரு பக்கம் அப்பளம் மாதிரி மெல்லிசு, இன்னொரு பக்கம் அடை மாதிரி தடிமன், ஓரத்தில் வால் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கல்லில் போட்டால் வால் கருகும், வயிறு வேகாது. அவள் கை கழுவப் போன நேரம் பார்த்து அதைச் சுருட்டி உருட்டி, நானே தேய்த்துச் சுட்டு, தட்டில் வைத்துவிட்டேன். ''பார்த்தியா, பாப்பா போட்ட சப்பாத்தி எவ்ளோ சூப்பர்!''

அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

''இது என்னுது இல்ல. என்னுதுல வால் இருந்துச்சு.''

ஒரு பெரிய ரிப்போர்ட்டர் மாட்டிக்கொண்டு முழித்த கதை இது. சமாளித்தேன். வால் வெந்து போச்சு, சின்னதாயிடுச்சு என்றெல்லாம் உளறினேன். அவள் அழவில்லை. அந்தச் சப்பாத்தியைத் தொடவும் இல்லை. எழுந்து போய் டி.வி-யைப் போட்டுக்கொண்டாள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? குழந்தைதானே, நல்லதுக்குச் சொன்ன பொய்தானே என்றுதான் என் மனைவியும் சொன்னார். நானும் என்னையே அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டேன். ஆனால், யோசித்தால் வேறு மாதிரி இருந்தது. ஆபீசில் நீங்கள் ராத்திரி கண் விழித்து எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டை, உங்கள் மேலதிகாரி குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, தானே எழுதி, உங்கள் பெயரைப் போட்டு, 'பிரமாதம்' என்று தோளில் தட்டினால் எப்படி இருக்கும்? பாராட்டு முழுக்க உங்களுக்கு. வேலையில் நீங்கள் இல்லவே இல்லை.

குழந்தை கேட்டது பாராட்டை இல்லை. தான் செய்தது வீட்டில் ஒரு பொருளாக நிற்க வேண்டும், யாராவது அதைத் தின்ன வேண்டும். அதற்கப்புறம் நாங்கள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். அவரவர் தேய்த்தது அப்படியே கல்லுக்குப் போகும். பாப்பா போட்டது அப்பா தட்டுக்கு. வாலும் சேர்த்து. வயிற்றைக் கெடுக்காதா என்று கேட்காதீர்கள். ஓரத்தைத் தோசைத் திருப்பியால் அழுத்தி அழுத்தி வேகவைக்கிற வித்தையில் நான் இன்று நிபுணன்.

இந்த விஷயத்தில் மரியா மாண்டிசோரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1907-ல் ரோம் நகரத்தில் சான் லொரென்ஸோ என்ற ஏழைத் தொழிலாளர்கள் குடியிருப்பில் அந்த அம்மாள் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அப்பா, அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட, கவனிக்க ஆளில்லாமல் கட்டடத்தையே பாழ் பண்ணிக்கொண்டிருந்த குழந்தைகள் அவர்கள். அவர்களுக்கு அங்கே பொம்மைகளும் இருந்தன. நிஜ வேலைகளும் இருந்தன. குழந்தைகள் நிஜ வேலைகளைத்தான் தேடிப் போனார்கள் என்று அவர் எழுதுகிறார். தட்டு, டம்ளர்கூட உடையக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. உடையும் என்று தெரிந்தால்தானே கை ஜாக்கிரதையாக இருக்கும்? 1939-ல் அவர் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஏழைத் தொழிலாளிகளின் பிள்ளைகளோடு ஆரம்பித்த அந்தக் கல்விக்குத்தான் இன்று சென்னையில் நாம் லோன் போட்டு ஃபீஸ் கட்டுகிறோம். அந்தப் பள்ளிகளில் நம் குழந்தைகள் செய்வது என்ன? பட்டாணி உரிப்பது, தண்ணீரை ஒரு ஜாடியிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது. வீட்டில் 'தொடாதே, கொட்டிடுவே' என்று சொன்ன அதே வேலைகள்!

நம் ஊரில் இதற்கு லோன் தேவைப்பட்டதில்லை. என் சின்ன வயதில் லீவு விட்டால் கூட்டாஞ்சோறு. ஒருத்தன் வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி, இன்னொருத்தி வீட்டிலிருந்து பருப்பு, யார் வீட்டிலிருந்தோ திருட்டுத்தனமாக ஒரு கத்திரிக்காய். புளியமரத்தடியில் மூன்று கல் வைத்துச் சமைப்போம். பாதி வெந்தும் வேகாமலும் இருக்கும். அந்த ருசி எந்த ஹோட்டலிலும் கிடைத்ததில்லை. குழந்தை கையை விட்டு அளைந்த கூழுக்கு முன்னால் அமுதமே நிற்காது என்பது வள்ளுவர் கட்சி. கவனியுங்கள், பாயசம் இல்லை, கூழ். செலவில்லாத பொழுதுபோக்குக்கு அவர் அன்றே சிபாரிசு செய்துவிட்டார். அளைந்து முடித்த பிறகு தரையைத் துடைத்தது யார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

இந்த 'துடைத்தது யார்' கேள்விதான் என் கணக்கின் பெரிய தப்பு.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க, வீடு துடைக்க ஓர் அம்மா வருகிறார். காலை ஆறரைக்கு வந்துவிடுவார். மே மாதம் பள்ளி விடுமுறை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று தன் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். தம்பி, பாட்டி வீட்டுக்குப் போயிருந்தான். எங்கள் வீட்டில் அந்தப் பெண்ணை ஒரு டம்ளரைக்கூட எடுக்க விட மாட்டோம். அதில் மனைவி ரொம்பக் கண்டிப்பு. பதினாலு வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2006 அக்டோபரிலிருந்தே சட்டம் இருக்கிறதே. ஆக, எங்கள் வரையில் நாங்கள் சுத்தம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு சனிக்கிழமை. அந்த அம்மா அடுத்த வீட்டு வேலைக்குப் போயிருந்தார். மகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார். நானும் பாப்பாவும் மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அந்தப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பொறுக்க முடியாமல் சொன்னாள்:

''சார், மாவுல தண்ணி ஜாஸ்தி. அப்டியே மூடி வெச்சிட்டு அப்புறமா போடுங்க. இப்ப போட்டா ஒட்டிக்கும்.''

அங்கிள் என்று கூப்பிடம்மா என்று பல தடவை சொல்லிவிட்டேன். சார்தான் வருகிறது.

''உனக்குச் சப்பாத்தி போடத் தெரியுமா?''

''சப்பாத்தி, தோச, சோறு, ரசம் எல்லாம் தெரியும். அம்மா ஆறு மணிக்கே வந்துருவாங்கல்ல... நான்தான் டீ போட்டு, தம்பிக்கு எதனா செஞ்சு குடுத்து ஸ்கூலுக்குக் கூட்டினு போவேன்.''

என் மகள் வாயைப் பிளந்துவிட்டாள். ''நீ மட்டும் தனியாவா? டெய்லியுமா? ஐ... ஜாலி! அப்பா, எனக்கும் டெய்லி!''

அந்தப் பெண் சிரித்தாள். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

''தம்பி எதுவும் செய்ய மாட்டானா?'' என்று எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

''அவன் பையன் சார்'' என்றாள். இதைக்கூடவா கேட்பார்கள் என்கிற தொனியில்.

அதுவும் பழைய கதைதான். பிள்ளைத்தமிழ் நூல்களில் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு. பெண் குழந்தைகள் மணலில் வீடு கட்டி, மண் சோறு சமைத்து விளையாடுவார்கள். ஆண் குழந்தையின் வேலை அதைக் காலால் எத்திவிடுவது. அவனிடம் 'எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே' என்று கெஞ்சுவார்கள். அழகான கவிதைகள்தான். கைகழுவி வந்து அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லி அந்தப் பையனை யாரும் கூப்பிட்ட மாதிரி தெரியவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இரண்டு குழந்தைகள், ஒரே வேலை, ஒரே மாவு. ஒருத்திக்கு அது விளையாட்டு. இன்னொருத்திக்கு அது என்ன? வித்தியாசம் எங்கே இருக்கிறது?

வயது இல்லை. கஷ்டமான வேலை, சுலபமான வேலை என்பதும் இல்லை. அந்தப் பெண்ணுக்குச் சப்பாத்தி சுடுவதில் சந்தோஷமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. என் மாவைப் பார்த்து 'தண்ணி ஜாஸ்தி' என்று சொன்னபோது அவள் முகத்தில் இருந்தது வேலை தெரிந்தவளின் பெருமை. அந்தப் பெருமையை நாம் பரிதாபப்பட்டுப் பிடுங்கிவிடக் கூடாது.

என் மகள் சப்பாத்தியைக் கருக விட்டால், 'அய்யய்யோ' என்று இரண்டு பேரும் சிரிப்போம். பசித்தால் போன் செய்தால் போதும், இட்லி வீடு தேடி வரும். அந்தப் பெண் கருக விட்டால் அவள் தம்பி வெறும் வயிற்றோடு பள்ளிக்கூடம் போவான். என் மகள் நடுவிலேயே 'போரடிக்குது' என்று எழுந்து போகலாம். அவள் போக முடியாது. மாவுக்கும் எண்ணெய்க்கும் நான் போட்ட 50 ரூபாய்க் கணக்கில், தப்பு செய்கிற வசதிக்கு, பாதியில் எழுந்து போகிற வசதிக்கு விலையே போடவில்லை. உண்மையில் விலை உயர்ந்த சாமான் அதுதான்.

இதைச் சட்டம் போட்டும் சரியாகப் பிரிக்க முடியவில்லை, பாருங்கள். 1986-ம் வருடத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தியபோது, பதினாலு வயதுக்குக் கீழே யாரையும் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றார்கள். கூடவே ஒரு விலக்கு. பள்ளி நேரம் போக, விடுமுறை நாட்களில் குடும்பத்துக்கு உதவி செய்யலாம். ஆபத்தான வேலையாக மட்டும் இருக்கக் கூடாது. 'குடும்பத்துக்கு உதவி' என்கிற வார்த்தைகள் என் வீட்டிலும் பொருந்தும், அவள் வீட்டிலும் பொருந்தும்.

1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது, இல்லையா? மகன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறான்! ஆனால், எந்த அப்பா, எந்தத் தொழில் என்று கேட்டவர்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். பெரிய போராட்டம். 1954-ல் ராஜாஜி விலகி காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. வக்கீல் மகன் அப்பாவின் ஃபைலைப் புரட்டி விளையாடிவிட்டு டாக்டராகப் போகலாம். சலவைத் தொழிலாளியின் மகன் அப்பாவோடு மூட்டை தூக்கிப் பழகினால், அப்புறம் எங்கே போவான்? எதிர்த்தவர்கள் கேட்டது அதைத்தான்.

சரி, எங்கள் வீட்டுக்கு வருவோம். இன்னொன்றும் அந்த ராத்திரியில்தான் உறைத்தது. அந்தப் பெண் ஏன் தனியாக அடுப்பு மூட்டுகிறாள்? அவள் அம்மா காலையில் வீட்டில் இல்லாததால். அம்மா எங்கே? என் வீட்டில். நேற்று ராத்திரி நானும் என் மகளும் விளையாடிய மாவுத் தாம்பாளத்தைச் சுரண்டித் தேய்த்துக்கொண்டு! காய்ந்த கோதுமை மாவு பாத்திரத்திலிருந்து லேசில் போகாது. தேய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டரை மணி நேரக் கும்மாளத்தின் மிச்சத்தை இத்தனை ஞாயிறுகளும் சிங்க்கில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். என் கணக்குப் புத்தகத்தில் அது எங்கேயும் ஏறவில்லை.

மறுநாளிலிருந்து ஒரு சட்டம் சேர்ந்தது. விளையாட்டு, கடைசிக் கரண்டி கழுவிக் கவிழ்க்கும் வரை. பாப்பா ஸ்டூல் மேல் நின்று தேய்ப்பாள், நான் அலசுவேன். சப்பாத்தி போடுவதைவிட இது அவளுக்குப் பிடித்துப்போனது, நுரை இருக்கிறதல்லவா! எனக்குத்தான் இடுப்பு வலி. இதைப் பெரிய சமூகப் புரட்சி என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த அம்மாவின் காலைப்பொழுதில் ஐந்து நிமிடம் மிச்சமாகியிருக்கும். அவ்வளவுதான். அவர் மகள் டீ போடுவது நிற்கவில்லை.

அப்புறம், பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, மனைவியின் யோசனையில் கொழுக்கட்டை செய்தோம். அரிசி மாவு, உப்பு, கொதிக்கிற தண்ணீர். கொதிக்கிற தண்ணீர் மனைவியின் இலாகா. மாவு கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இரண்டு பெண்களையும் உட்காரவைத்தோம். ''நீ வேலை செய்ய வேண்டாம்மா. விளையாடத்தான்'' என்று இரண்டு தடவை சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு அது புரிந்த மாதிரி தெரியவில்லை. பத்து நிமிடத்தில் இருபது உருண்டை. எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம். என் மகள் அதற்குள் ஒரே ஒரு எலி செய்திருந்தாள்.

''அக்கா, நீயும் எலி செய்யேன். யானை செய்.''

''வேவாது. வீணாயிடும்'' என்றாள் அவள். என்னைப் பார்த்தாள்.

''வீணானா ஆகட்டும்'' என்றேன்.

கொஞ்ச நேரம் மாவைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு தும்பிக்கை வந்தது. நாலு கால் வந்தது, நிற்கவில்லை, சரிந்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன் பிறகு ஒரு உருண்டைகூட ஒழுங்காக வரவில்லை. பாம்பு, நண்டு, ஆட்டோ, எங்கள் தெரு நாய். இட்லித் தட்டில் அடுக்கவே முடியவில்லை. ஆட்டோ பாதிதான் வெந்தது. தின்றோம்.

வேலை முடித்துவிட்டுக் கூட்டிப்போக வந்த அந்த அம்மா, வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். டிபன் பாக்ஸில் கொழுக்கட்டை போட்டுக் கொடுத்தோம். மகள் செருப்பு மாட்டிக்கொண்டு படியிறங்கியதும், அவர் மட்டும் ஒரு நிமிடம் நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

''தப்பா நெனைக்காதீங்க சார். இவளுக்கு இந்த மாதிரி வெளையாட்டுக் காட்டாதீங்க. நாள பின்ன வீட்ல அடுப்பாண்ட நின்னுக்கினு யான பண்ணினு இருந்தா, நான் எப்டி சார் வேலைக்கு வர்றது?''

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். அன்று ''சரிம்மா'' என்றுதான் சொன்னேன். அவர் போன பிறகு மனைவியும் நானும் இரண்டு நாள் பேசி, காலை ஆறரை என்பதை ஒன்பதரை ஆக்கினோம். அந்த அம்மாவுக்கு மற்ற இரண்டு வீடுகள் இருக்கின்றன. அங்கே இன்னும் ஆறரைதான் கேட்கிறார்களாம்.